ஒற்றை சீட்டில் உட்கார்ந்தவர்

ஜொகூர் பாருவில் டூர் கைடாக வேலை பார்த்த முதல் நாளிலேயே ஒரு பயணியைத் தொலைத்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது.

1. நாங்க என்ன கோழியா?

யோங் பெங்கிலிருந்து ஒரு பஸ் நிறைய கோயில் குழு. காலையில் பழைய ஊரில் நடை, மத்தியானம் பொந்தியானில் சாப்பாடு. முதலாளி நாச்சியப்பன் முதல் நாளே மிரட்டினார்.

"ஏம்மா, பன்னண்டு மணிக்கு பஸ் கிளம்பியாகணும். லேட்டாச்சுன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

அந்த வேலைக்காக நான் ஃபேக்டரியை விட்டு வந்திருந்தேன். திரும்பிப் போக இடமில்லை.

ஆனால் பழைய ஊருக்குள் இறங்கியதும் பயம் போய்விட்டது. சீனர் கோயில், அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மாரியம்மன் கோயில், வெள்ளைக்காரன் காலத்து ரயில் ஸ்டேஷன், குன்றின் மேல் பழைய அரசுச் செயலகம். அதன் கோபுரத்தைக் காட்டி, "இங்க ஏறித்தான் ஜப்பான்காரன் சிங்கப்பூரை நோட்டம் விட்டான்!" என்று கத்தினேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்போது தனியாக நடந்து வந்த ஒரு அம்மா என் கையைத் தொட்டார். "தங்கச்சி, இந்தக் கட்டடத்தோட பின்பக்கம் பாத்திருக்கியா?"

"டைம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ்ஸில் ஏறியதும் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன். முன் சீட்டில் இருந்தவர் கையைத் தட்டிவிட்டார். "மனுசங்கள எண்ணாதம்மா, கண்ணு பட்டுரும். நாங்க என்ன கோழியா?"

முதல் நாள். சண்டை வேண்டாம் என்று, "எல்லாருக்கும் பக்கத்து ஆள் வந்தாச்சா?" என்று கேட்டேன்.

"வந்தாச்சு லா!" என்றது மொத்த பஸ்ஸும். மணி பன்னிரண்டு. கிளம்பினோம்.

2. பையில் அடித்த போன்

கடலோரச் சாலையில் போகும்போதுதான் கவனித்தேன். டிரைவர் ராஜுவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட்டில் ஒரு துணிப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"இது யாரோட பை?"

"பாக்கியம் அக்காவோடது. அவங்க தனியா வந்தாங்க."

பக்கத்து ஆளே இல்லாதவரை யார் தேடுவார்கள்? அவர் நம்பருக்கு ஒருவர் போன் போட்டார். பைக்குள்ளேயே அடித்தது. பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அறையலாம் போல் இருந்தது.

"அலமாக்! திரும்பணும்னா ரொம்ப தூரம் போகணும்" என்று தலையில் கை வைத்தார் ராஜு.

"நீங்க சுத்தி வாங்க" என்று இறங்கி ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டேஷனில் இல்லை. மாரியம்மன் கோயிலில் இல்லை. அங்கே மூச்சு வாங்க நின்றபோதுதான் உறைத்தது: பின்பக்கம் பார்த்திருக்கியா என்று கேட்டவர் அவர்தான்.

குன்றேறி ஓடினேன்.

3. பின் கேட்

செயலகத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. பின் கேட்டு பூட்டியிருந்தது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாக்கியம் அக்கா மேலே பார்த்தபடி நின்றிருந்தார்.

"அக்கா! உங்களால என் வேலை போகப்போகுது!"

"அப்ப பஸ்ஸுக்கு ஓடு. இங்க நின்னு எதுக்குக் கத்துற?"

அவர் கோபுரத்தைக் காட்டினார்.

"பதினோரு வருசம் அந்த ஜன்னல் கண்ணாடிய நான் தொடச்சேன். கூட்டித் தொடைக்கிற நாங்க எல்லாம் இந்தக் கேட்டு வழியாத்தான் வருவோம். ஜப்பான்காரன் ஒரு தடவ சிங்கப்பூரப் பாத்தத அந்தக் கத்து கத்துற. நான் தினம் பாத்தேன். சொல்ல வந்தா டைம் இல்லங்கிற."

நான் ராஜுவுக்குப் போன் போட, பஸ் மேலேறி வந்து நின்றது. திட்டுவதற்காக இறங்கியவர்கள் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எந்த ஜன்னல், எத்தனை படி, மழை நாளில் எதிர்க்கரை தெரியுமா என்று கேள்வி மேல் கேள்வி. நான் காலையில் கத்திய கத்தலுக்குக்கூட அவ்வளவு கேள்வி வரவில்லை. பொறாமையாக இருந்தது. நானும் கேட்டேன்.

நாச்சியப்பன் போனில் கத்தினார். பாக்கியம் அக்கா அதைப் பிடுங்கினார். "ஐயா, எண்ண வேணாம்னு சொன்னது எங்க ஆளுங்கதானாம். போனது நான். புள்ளயத் திட்டாதீங்க. சோறு ஆறினா ஆறட்டும்."

போன் என்னிடம் திரும்பி வந்தது. "நாளைக்கு வா. ஆனா எண்ணு" என்றார் முதலாளி.

மறுநாள் முதல் எண்ணுகிறேன், விரலை நீட்டாமல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேரோ அத்தனை மிட்டாய் பையில் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஆளுக்கு ஒன்று. மிட்டாய் மிஞ்சினால் பஸ் நகராது. கண்ணும் படாது. முதலாளி எவ்வளவு கத்தினாலும் சரி, நீங்களும் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. ஒற்றை சீட்டில் யாராவது இருந்தால் முதல் மிட்டாய் அவருக்குத்தான். கொடுக்கும்போதே கேட்டுவிடுவேன்:

"நீங்க இந்த ஊர்ல எங்கயாச்சும் வேலை பாத்திருக்கீங்களா?"