தேரி மணலில் பத்துப் பேரிக்கன்றுகள்

வியாழக்கிழமை விடியற்காலை வில்பட்டியில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். "விறகெல்லாம் ஏத்தக் கூடாதும்மா" என்றார். விறகாம்! வேரில் பாசி வைத்து, ஈரச் சாக்கில் பொதிந்து, வாழைநாரால் கட்டிய பத்துப் பேரிக்கன்றுகள் ஐயா அவை. தை மாசத்துக் கடைசியில் பேரிமரத்தில் பேருக்குக்கூட ஓர் இலை இருக்காது. தெரியாதவர்களுக்கு அது வெறும் குச்சிதான். விவரம் சொன்னதும் மனுஷர் சிரித்துவிட்டு, கட்டுக்கும் ஒரு முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நான் பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில், கடலோரத்தில். வாழ்க்கைப்பட்டது கொடைக்கானல் மலையில், பேரித்தோட்டக்காரர் வீட்டில். கடற்கரைப் பெண்ணை மலைக்குக் கட்டிக் கொடுத்தது தனிக்கதை, அது இங்கே வேண்டாம். இந்தப் பயணம் என் தம்பி ராயப்பனுக்காக. போன ஆனி மாசம் கச்சான் காற்றில் அவனுடைய வள்ளம் கவிழ்ந்தது. ராத்திரி முழுக்க ஒரு மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்து, மறுநாள் காலையில் வேறு ஊர் வள்ளத்தில் கரைக்கு வந்தான். அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி பிலோமிக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. உடன்குடிப் பக்கம் தேரி ஓரத்தில் அவர்களுக்கு ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பேரித்தோட்டம் போட்டு, வள்ளத்தை விற்றுவிட்டு, கரையோடு இருந்துவிடுவது என்று முடிவு. ஏன் பேரி? வருஷா வருஷம் ஆவணியில் நான் அனுப்புகிற ஒரு பெட்டிப் பழம் செய்த வேலைதான்.

"அங்க நட்டா இலை விடும், காய் விடாது. பேரிக்குக் குளிர் வேணும்னு உனக்குத் தெரியாதா? போன்லயே சொல்லித் தொலை" என்றார் வீட்டுக்காரர். நானும் சொல்லிப் பார்த்தேன். "இங்கன குளிர் இல்லைன்னு ஒனக்கு யாருக்கா சொன்னது? நீ மொதல்ல கன்னைக் கொண்டா" என்று தம்பி ஒரே பிடியாக நின்றான். எனக்கும் ஓர் ஆசை இருந்தது, ஒளிப்பானேன்? புகுந்த வீட்டு மரம் ஒன்று பிறந்த மண்ணில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. புத்தி வேண்டாம் என்றது, கால் தோட்டத்துக்கு நடந்தது.

முணுமுணுத்துக்கொண்டே அவரும் கூட வந்து முதல் தவணையாகப் பத்துக் கன்று தேர்ந்து கொடுத்தார். கட்டைவிரல் கனம் இருக்க வேண்டும். ஒட்டுக் கட்டிய இடம் தழும்பாக ஆறியிருக்க வேண்டும். மொட்டு விழிக்காமல் இறுகியிருக்க வேண்டும். கொஞ்சமாவது வெக்கை தாங்குவது கீபர் வகைதான் என்று அதில் ஆறு. ஒரே வகையாக வைத்தால் காய்ப் பிடிப்பு குறையும் என்று நாட்டுப் பேரியில் நாலு.

வத்தலக்குண்டு இறங்கும்போதே ஸ்வெட்டரைக் கழற்றியாகிவிட்டது. மதுரை மாட்டுத்தாவணியில் நண்பகல். தூத்துக்குடிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எட்டயபுரம் தாண்டியதும் ஜன்னல் வழியாக அனல் வந்து முகத்தில் அறைந்தது. நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சாக்குக்கு ஊற்றினேன். தூத்துக்குடிப் பழைய பஸ் ஸ்டாண்டில் பிலோமிக்குப் பிடிக்குமே என்று கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். இந்த நாற்பது கிலோமீட்டருக்கு நான் எத்தனை தடவை வந்தாலும் ஜன்னல் சீட்டுதான் கேட்பேன். உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், முக்காணியில் ஆற்றுப்பாலம், ஆத்தூரில் வாழை, சாகுபுரத்தில் ஷிப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள்.

பக்கத்து சீட்டில் காயல்பட்டினத்துப் பெண் ஒருவர். கட்டை முறைத்து முறைத்துப் பார்த்துவிட்டு, "என்ன கம்பும்மா இது?" என்றார்.

"பேரிக்கன்னு. தம்பி தோட்டத்துல வைக்க."

"பேரிக்காயா? எங்க ஊட்டுக்காரவுஹ துபாய்ல இருந்து வரும்போது கொண்டாருவாஹ. இந்த வெயில்ல அது புடிக்குமா?"

"பாப்போம்" என்றேன். வேறென்ன சொல்ல?

"அல்லா புடிக்க வைப்பான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா இறங்கிப் போனார். திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்கு டவுன் பஸ், பதினெட்டு கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் அது. எனக்கு இலவசம், கன்றுகளுக்குக் காசு! இருட்டு விழும்போது போய் இறங்கினேன். ராயப்பன் கட்டைத் தோளில் வாங்கிக்கொண்டான். என்னை வா என்று கேட்டது அதற்கப்புறம்தான்.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிக்காமல் கொல்லையில் ஈரமணலில் வைத்திருந்தோம். சனிக்கிழமை காலை லோடு ஆட்டோவில் தேரிக்குப் போனோம். தேரி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்கெட்டின மட்டும் சிவப்பு மணல், மிளகாய்த்தூளைக் கொட்டிப் பரப்பினது மாதிரி. நடுநடுவே பனை, முந்திரி. மணலுக்கு அடியில் தண்ணீர் நல்ல தண்ணீர்.

ராயப்பன் குழி எடுத்திருந்த அழகைப் பார்க்க வேண்டுமே. நங்கூரக் கயிற்றை இழுத்துக் கட்டி வரிசை பிடித்திருக்கிறான். ஒரு குழி இம்மி விலகவில்லை. ஆட்டுரமும் குளத்துக் கரம்பை மண்ணும் கலந்து பக்கத்தில் குவித்து வைத்திருந்தான். மீன்காரனுக்கு இவ்வளவு தெரியுமா என்று கேலி செய்தேன். "யூடியூப்புக்கா" என்று சிரித்தான்.

சாக்கைப் பிரித்ததும் பிலோமி கூவிவிட்டாள். "மைனி, இங்கன பாருங்க, துளிர்த்திருக்கு!" ஆமாம், நாலைந்து கன்றில் மொட்டு விரிந்து, நுனியில் பச்சை எட்டிப் பார்த்தது. "பாத்தியாக்கா, எங்க மண்ணு வாடைக்கே முழிச்சிருச்சி" என்று ராயப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கல்லவா தெரியும். அவை மலையில் தூங்கி முடித்த கன்றுகள். இந்த வெக்கைக்கு விழிக்கத்தான் செய்யும். அதற்கப்புறம் அவற்றைத் தூங்க வைக்க இங்கே குளிர் ஏது?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு வெளிச்சம். அதற்குப் பதில் ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே நிற்கும்படி வைக்கச் சொன்னேன், வைத்தான். காற்றுக்கு ஆடாமல் கம்பு ஊன்றி, வலை நூலால் வலைக்காரர் முடிச்சுப் போட்டுக் கட்டினான். புது வள்ளம் இறக்கும்போது தெளிப்பதைப் போல ஒவ்வொரு கன்றுக்கும் கோயில் தீர்த்தம் தெளித்தான். பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் இருட்டும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும், வள்ளம் வாங்க ஆலந்தலை ஆள் நாளைக் காலை வருகிறார் என்றான் ராயப்பன். "இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு பாடு போயிட்டு வாரேன். பெறவு கடலுக்கும் எனக்கும் பேச்சு முடிஞ்சுது" என்றான். நான் கிளம்புவது செவ்வாய்க்கிழமை. திங்கள் சாயந்தரம் ஆற அமர உட்கார வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் நாள் குறித்தேன். ஆலந்தலைக்காரர் காலையிலேயே வந்துவிடுவார் என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

திங்கள் விடியும்போது கரைக்குப் போனேன். வாடைக்காற்று சில்லென்றுதான் இருந்தது. வள்ளம் கரை தட்டியதும் ராயப்பன் குதித்து ஓடி வந்தான். இடுப்புச் சாரம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, பல் தந்தியடித்தது. ஈரக்கை இரண்டையும் என் கன்னத்தில் வைத்து அழுத்தினான். ஐஸ்தான், பொய்யில்லை.

"எப்படியிருக்கு? இதுக்கு மேல குளிரு ஒங்க மலையில உண்டுமாக்கா? குளிரு இல்ல குளிரு இல்லன்னு சொன்னியே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் இவன் இந்தக் குளிரை நம்பித்தான் பேசியிருக்கிறான். நனைந்த உடம்போடு நடுக்கடலில் வாடை வாங்குகிறவனுக்கு மார்கழியும் தையும் மலைதான். மண்ணில் பாடுபடுகிற எந்தச் சம்சாரியும் இப்படிக் கணக்குப் போட மாட்டான், வள்ளக்காரன்தான் போடுவான். புரிந்ததும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருந்தது?

"ஏலே, குளிருதது ஒனக்கு. மரம் என்ன வள்ளத்துலயா நிக்கப் போவுது?"

வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். "ராயப்பா, மரத்துக்கும் ஒரு துடுப்பு குடுலே!" என்றார் ஒருவர். அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "நெசமாத்தான் சொல்லுதியா?" என்று கேட்டான்.

சொன்னேன். பேரிக்கு ரெண்டு மாசமாவது மலைக்குளிர் வேண்டும், அதில் இலையுதிர்த்துத் தூங்கி எழுந்தால்தான் பூ. இங்கே விடியலில் வாடை அடித்தாலும் எட்டு மணிக்கெல்லாம் மணலில் கடலை வறுக்கலாம்.

"அப்பம் முந்தா நாள் துளிர்த்துச்சே?"

"அது மலையில தூங்கினதுக்குத் துளிர்த்தது. இனிமே இலை விடும், வளரும். காய்க்காதுப்பா."

அவன் திரும்பிப் போய் வலையிலிருந்து மீன் கழற்ற ஆரம்பித்தான். வெயில் ஏறியதும் ஆலந்தலைக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். "இப்பம் விக்கலை அண்ணாச்சி, சிரமப்படுத்திட்டேன்" என்று சொல்லி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது என் தம்பி. சொன்னது உண்மைதான். ஆனாலும் ஊர் நடுவில், நக்கலாக, அவன் கை என் கன்னத்தில் இருக்கும்போதா சொல்வது?

சாயந்தரம் அவன் தனியாகத் தேரிக்குப் போய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி, பனையோலை நட்டு நிழல் கட்டிவிட்டு வந்தான். "வேற எதாவது வைக்கலாம்லே, சப்போட்டா, கொய்யா..." என்று ஆரம்பித்தேன். "பாப்பம்க்கா" என்று எழுந்துவிட்டான். சோறு தின்றுவிட்டு, வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான். பிலோமி வாசல் வரை வந்து நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் இன்னும் கரை திரும்பவில்லை. பிலோமிதான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. வீட்டுக்காரருக்கு நெத்திலிக் கருவாடு கட்டியிருப்பதாகச் சொன்னாள். பஸ் வந்து, நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"மைனி, குளிரு உள்ள ஊர்லன்னா பேரி வச்சி எத்தனை வருசத்துல காய்க்கும்?"

"அஞ்சு வருஷமாவது ஆகும்."

"அஞ்சு வருசம்" என்றாள். விரலை மடக்கி எண்ணவில்லை, அழவும் இல்லை. "காய்க்காதுன்னு எனக்கும் தெரியும் மைனி. உடன்குடி நர்சரிக்காரரு அப்பமே சொல்லிட்டாரு. நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா, இந்தா காய்க்கும் அந்தா காய்க்கும்னு அவிய அஞ்சு வருசம் கரையில இருந்திருப்பாவ."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்துவிட்டது. அவள் கை காட்டினாள், நானும் காட்டினேன்.

அன்று இரவு மலை ஏறும்போது குளிர் ஏறியது. ஸ்வெட்டர் பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. வீட்டில் எங்கள் தோட்டம் பூக்கத் தொடங்கியிருந்தது, மரத்துக்கு மரம் அங்கங்கே வெள்ளை. போன காரியம் என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். நல்ல காரியம் செய்தாய் என்றார். பிலோமி ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தால், கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தே பொய் சொல்லியிருப்பேன்.