குமர் உள்ள வீடும் விசுக்கோத்துப் பட்டியலும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் மணியடித்த கச்சிமுகம்மதுவுக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒருமுறை பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற வித்தியாதிகாரி வந்து, "ஹாஜறா டீச்சர் இண்டைக்கு எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்று கேட்டார். "எட்டே முக்காலுக்கு சேர். வரவு இடாப்பில ஏழரை எண்டு போட்டிரிக்காங்க" என்றார் மனிதர். ஹாஜறா டீச்சர் நான்தான்.

வித்தியாதிகாரி போனதும் அவர்மேல் பாய்ந்தேன். "அவர் கேட்டாரே டீச்சர்" என்றார். அதற்குமேல் அவரிடம் விளக்கம் கிடையாது. ஏழு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த ஏழு மாதமும் பத்து மணிக்குத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார். நானும் குடித்துவிட்டுத்தான் கோபமாக இருந்தேன்.

கல்முனைக்கு இந்தப் பக்கம் கலியாணம் பேசுகிறவர்களுக்கு மட்டும் அவர் பெரிய வசதி. ஊருக்குள் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். நாலு இடத்திலும் நாலு விதமாகச் சொல்வார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து கச்சிமுகம்மதுவைக் கேட்பார்கள். எல்லாத் தெரு ஒழுங்கைப் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில் படித்ததால் எந்த வீட்டில் அடுப்பெரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இப்படி எத்தனை கலியாணம் நின்றதோ, எத்தனை நடந்ததோ, அவர் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை.

எண்பத்தொன்றாம் ஆண்டு எங்களுக்கு விசுக்கோத்து வந்தது. கல்விக் கந்தோரிலிருந்து சாக்குச் சாக்காக இறக்கினார்கள். உள்ளங்கை அகலம், நல்ல தடிப்பு, கடித்தால் பல்லுக்கு வேலை வைக்கும் இனிப்பு விசுக்கோத்து. பிள்ளைகளில் பாதிப்பேர் காலையில் வெறுந்தேத்தண்ணியோடு வருகிறவர்கள். பத்தரை மணி இடைவேளையில் கிடைப்பதுதான் அவர்களுக்குப் பகல் சாப்பாடு. பிள்ளைகள் முந்நூற்று நாற்பது பேர். வந்ததோ நூற்றிருபது பேருக்கு.

அதிபர் ஆதம்பாவா சேர் நல்லவர். நல்லவர்கள் செய்கிற பிழையைத்தான் அவரும் செய்தார். "வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் குடுப்பம். அதுதான் நீதி" என்று சொல்லி, பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். வருமானம் குறைந்தவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார். மண்டபத்தில் ஒரு கையும் எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மனிதரின் இடுப்புச் சாரம் மூன்று இடத்தில் தைத்திருந்தது. அவர் எழும்பி, தனக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல் இருக்கிறது என்று கேட்காமலே சொன்னார். இன்னொருவர் தன் மச்சானுடைய வள்ளத்தைத் தன்னுடையதாக்கிக் கதைத்தார். அரை மணித்தியாலத்தில் எங்கள் ஊரில் ஏழைகளே இல்லை என்று தெரிந்துபோனது.

எனக்குக் காரணம் விளங்கியது. இந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். விசுக்கோத்துப் பட்டியலில் பெயர் இருந்தால் அந்த வீட்டில் கட்ட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். குமர் உள்ள வீடு, அதாவது கலியாண வயதில் பெண் இருக்கிற வீடு, எப்படிப் பெயர் கொடுக்கும்?

அதனால் பட்டியலில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்றவர்கள். அவர்களுக்கு என்ன வெட்கம்? வீடு வரப்போவது அவர்களுக்குத்தானே. இரும்புக்கடை காலிதீன் ஹாஜியாருக்கு நாலு மகன்மார். நாலு பேரையும் அவருடைய மனைவியே வந்து எழுதிவிட்டுப் போனார். சும்மா கிடைப்பதை விடக்கூடாது என்றார். மொத்தம் நாற்பத்தொரு பெயர். ஹாஜியாரின் மகன்மார் ஆளுக்கு மூன்று என்று தின்றுகொண்டு திரிய, வீட்டில் குமரான தமக்கைமார் உள்ள சிறு பெட்டைப்பிள்ளைகள் கிணற்றடியில் தண்ணீர் குடித்தார்கள். மிச்ச விசுக்கோத்தை அதிபர் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டித் திறக்கிற திறப்பு கச்சிமுகம்மதுவிடம்.

என் மூன்றாம் வகுப்பில் பௌசியா என்று ஒருத்தி இருந்தாள். வாப்பா கரைவலை இழுக்கிறவர். கடல் குழம்பியிருந்தால் வீட்டில் ஒன்றும் இல்லை. அக்காள் சபூறாவுக்கு இருபது வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் நின்றபடியே பௌசியா விழுந்தாள். கச்சிமுகம்மதுதான் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பிட்டு" என்றாள். எப்போது என்று கேட்டேன். முந்தாநாள் என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டியலை எடுத்து, நாற்பத்திரண்டாவதாக அவள் பெயரை மையால் எழுதினேன். வாப்பாவின் பெயரையும் முழுதாக எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பௌசியாவுக்கு நாளும் விசுக்கோத்து கிடைத்தது. எனக்கும் நல்லது செய்த சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் வரைதான். பள்ளிக்கூடம் விட்டபிறகு பௌசியாவின் உம்மா ஆசியா உம்மா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"டீச்சர், என்ட மூத்தவள்ர வாழ்க்கைய முடிச்சிட்டீங்களே."

மாவடிப்பள்ளியில் ஒரு மாப்பிள்ளை பேசியிருக்கிறார்களாம். நல்ல பெடியனாம். பத்து ஏக்கர் வயல் உள்ள குடும்பமாம். மாப்பிள்ளையின் உம்மா ஆயிஷா உம்மா நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து விசாரிக்கப் போகிறார் என்று செய்தி வந்திருக்கிறது.

"நாங்க கல்வீடு கட்டுறம் எண்டு சொல்லிரிக்கம் டீச்சர். அத்திவாரத்துக்குக் கல்லும் பறிச்சிப் போட்டிரிக்கி. மூணு வருசத்தில எப்பிடியும் கட்டிருவம். அந்த மனுசி லிஸ்டப் பாத்தா ஆரு நம்புவாங்க? இது மூணாவது மாப்பிள்ளை. இதுவும் போனா என்ட புள்ள குமராவே இருந்திருவாள்."

பட்டியலைக் கிழிக்கலாம் என்றால் அது அதிபரின் கையெழுத்து உள்ள கடதாசி. பட்டியல் பரவாயில்லை, அதை ஒளித்து வைக்கலாம். கச்சிமுகம்மதுவை எங்கே ஒளிப்பது?

ஆசியா உம்மாவை அனுப்பிவிட்டு, அண்ணன் முறைவைத்து அவரைக் கூப்பிட்டேன். "காக்கா, நாளைக்கு ஒரே ஒரு பொய். பௌசியாவுக்கு விசுக்கோத்துக் குடுக்கிறல்ல எண்டு சொல்லுங்க. ஒரு குமர்ர விசயம்."

"சொல்லலாம் டீச்சர்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது. "எங்க, சொல்லிப் பாருங்க" என்றேன்.

"பௌசியாவுக்கு விசுக்..." என்று தொடங்கினார். விக்கல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். மறுபடி தொடங்கினார். மறுபடி விக்கல். மெதுவாகச் சொல்லச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னேன், சுவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். சுவரைப் பார்த்தபோது விக்கல் இன்னும் பலத்தது. கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், இனிமேல் பழக்க முடியாது என்று எனக்கும் விளங்கியது.

"டீச்சர்," என்றார் விக்கலுக்கு நடுவே, "நாளைக்கு சேர் கந்தோருக்குப் போறார். அலுமாரியில ரெண்டு சாக்கு இரிக்கி. எல்லாருக்கும் குடுத்தா என்ன? அப்ப ஆரு ஏழை எண்டு ஆருக்குத் தெரியும்?"

அத்தனை வருடத்தில் அந்த மனிதர் ஒரு விதியை மீறுவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உடனே சம்மதித்தேன். எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மறுநாள் பத்தரைக்கு மணியடித்துவிட்டு அவர் சாக்கை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். முந்நூற்று நாற்பது பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தினேன். ஆளுக்கொன்று. கிணற்றடிப் பெட்டைகள் விசுக்கோத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகுதான் கடித்தார்கள். ஹாஜியாரின் மூத்த மகன் தனக்கு வழமையாக மூன்று என்று சண்டைக்கு வந்தான். காதைப் பிடித்து வரிசையின் கடைசிக்கு அனுப்பினேன். அதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம்.

அந்த நேரம் வாசல் படலையைத் திறந்துகொண்டு மாப்பிள்ளையின் உம்மா ஆயிஷா உம்மா வந்தார். பட்டுச் சேலை, கையில் குடை, முக்காட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் எடைபோடுகிற கண். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே கச்சிமுகம்மதுவிடம் போனார். நான் ஒரு விசுக்கோத்தை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"காக்கா, நீங்க பொய் சொல்லமாட்டீங்க எண்டு சொன்னாங்க. கரைவலைக்காரர்ர மகள் பௌசியா இஞ்ச விசுக்கோத்துத் திங்கிறாளா?"

"ஓம், திங்கிறாள்" என்றார் கச்சிமுகம்மது. எனக்கு விசுக்கோத்து தொண்டையில் நின்றது. "அந்தா நிக்கிறது இரும்புக்கடை ஹாஜியார்ர மகன். அவனும் திங்கிறான். அதிபர்ர மகளும் திங்கிறாள். டீச்சரும் திண்டுகொண்டுதான் நிக்கிறாங்க."

ஆயிஷா உம்மா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். முந்நூற்று நாற்பது வாய் அசைந்துகொண்டிருந்தது. அவர் முகம் தெளிந்தது. நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். ஆனால் மகனைப் பெற்ற உம்மா சும்மா விடுவாரா?

"நேத்து?" என்றார்.

அந்த ஒரு சொல்லை நாங்கள் இருவரும் யோசித்திருக்கவில்லை. கச்சிமுகம்மது என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் வாயைத் திறந்தார். விக்கல் வந்தது. வாயை மூடினார். மறுபடி திறந்தபோது விக்கல் வரவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் உண்மையைத்தான் சொல்லப் போகிறார் என்று.

"நேத்து நாப்பத்திரண்டு பேருக்குத்தான் குடுத்தன். இந்தப் புள்ளையும் அதில ஒண்டு. போன செவ்வாய்க்கிழமை பசியில மயங்கி விழுந்திச்சி. டீச்சர்தான் பேர எழுதின. உம்மாக்கு நேத்துப் பின்னேரந்தான் தெரியும். முந்தித் தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டாங்க, வீட்ட ஒரு குமர் இரிக்கி. எல்லாருக்கும் இண்டைக்குக் குடுத்தது நீங்க வாறீங்க எண்டுதான்."

ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அவரை அந்த இடத்திலேயே சாக்குக்குள் போட்டுக் கட்டவேண்டும் போலிருந்தது. ஒரு பெண்ணின் கலியாணம் கண்முன்னால் போகிறது, இந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். பௌசியா தூரத்தில் நின்று, பாதி விசுக்கோத்தைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். ஆயிஷா உம்மாவின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, எனக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்கட பள்ளிக்கூடத்துக்கும் இதே விசுக்கோத்துதான் காக்கா வருது. இதே லிஸ்டுதான். என்ட கடைக்குட்டி ரெண்டாம் வகுப்பு. வீட்ட எனக்கும் ஒரு குமர் இரிக்கி. நான் அவன்ர பேரப் போட விடல்ல."

ஆயிஷா உம்மா சாக்கைப் பார்த்தார்.

"சாக்கில மிச்சம் இரிந்தா ஒண்டு தாங்க."

கச்சிமுகம்மது குனிந்து, உடையாத ஒன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஆயிஷா உம்மா அதைப் பட்டுச்சேலையின் முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். படலைவரை போனவர் திரும்பி, "வெள்ளிக்கிழமை அசறுத் தொழுகைக்குப் பொறகு பொண்ணப் பாக்க வாறம் எண்டு சொல்லுங்க" என்றார். விசாரிக்க வந்த கம்பீரம் கொஞ்சமும் குறையாமல் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அதிபர் பின்னேரம் வந்து வெறும் அலுமாரியைப் பார்த்துக் கத்தினார். யார் கொடுத்தது என்று கேட்டார். யார் கொடுத்தது, யார் வரிசையில் நிறுத்தியது, யார் வாயில் வைத்துக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் கச்சிமுகம்மது ஒழுங்காகச் சொன்னார். எனக்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை யாரும் எடுக்கவில்லை. ஆளுக்கு அரை விசுக்கோத்து என்று எல்லாருக்கும் போனது. அரை விசுக்கோத்தில் யாருக்கும் பசி அடங்காது. கிணற்றடியில் மட்டும் கூட்டம் குறைந்தது.

பௌசியாவின் உம்மா ஆசியா உம்மா அன்று பின்னேரமே ஓடிவந்தார். வெள்ளிக்கிழமைச் செய்தியை முதலில் சொல்லியிருக்கலாம். கச்சிமுகம்மது வரிசைப்படிதான் சொல்வார். "என்ன கேட்டாங்க காக்கா? நீங்க என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னன்."

அந்த மனுசி அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உள்ளதச் சொன்ன பொறகுமா? பத்து ஏக்கர்க்காரங்க எப்பிடி ஓம் எண்டாங்க?"

கச்சிமுகம்மது நிலத்தைப் பார்த்தார். "ஏக்கர நான் கேக்கல்ல. நல்ல மனிசர். நம்மட ஆக்கள்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கடைக்குட்டி, பட்டியல், பட்டுச்சேலை முந்தி எல்லாவற்றையும் நானே கொட்டிவிட்டேன்.

ஆசியா உம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். பத்து ஏக்கர் காற்றில் போனதே என்று கவலைப்படுவார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கச்சிமுகம்மதுவைக் கோபமாகப் பார்த்தார்.

"ஒண்டுதான் குடுத்தீங்களா காக்கா? அந்தக் கடைக்குட்டிக்கு ரெண்டாக் குடுத்திரிக்கலாமே."