நீல டிரம் தண்ணீரில் ஊறிய சங்குப்பூ விதைகள்

குளித்துத் தலை துவட்டிய பிறகும் ஒரு நெடி தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் மாதிரியும் இருக்கும், மண்ணெண்ணெயும் இல்லை. எங்கள் வீட்டு நீல டிரம்மின் நெடி அது. கலும்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா செம்பனை மரங்களுக்கு அடியில் வளரும் புல்லைக் கொல்ல ‘மருந்து’ அடிக்கும் வேலைக்குப் போனார். குழாயில் காலையும் மாலையும் மட்டுமே தண்ணீர் வரும் என்பதால், காலியான மருந்து டிரம் ஒன்றை, வேலையை மேற்பார்க்கும் ‘மண்டோரிடம்’ கேட்டு வாங்கிவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் குளியலறையில் நிறுத்தினார். அதில் ஒட்டியிருந்த மண்டை ஓட்டுப் படத்தைப் பார்த்து நான் அழுததால் அதையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். படம் போன இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். பிள்ளை பிறப்பதற்குள் வேலியில் சங்குப்பூ படர வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை தன் கொடியிலிருந்து ஒரு கை விதை பறித்துத் தந்து, “சும்மா பொதைச்சா வராது லா, ரொம்பப் பிடிவாதம் புடிக்கும். செமெண்டுத் தரையில தேச்சு ஊறப்போடு” என்றார்.

தேய்ப்பது என் வேலை. விரல் நுனி எரியும் வரை தேய்த்து, பால் டின்னில் டிரம் தண்ணீரை ஊற்றி ஊறப்போடுவேன். விதை உப்பும், தோல் வெடிக்கும், வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். மறுநாள் அது கறுத்துக் கூழாகிக் கிடக்கும். நகவெட்டியால் நறுக்கிப் பார்த்தேன், டிரம் தண்ணீரையே சுடவைத்து ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

அத்தை டின்னை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “மாசமா இருக்கிற வீட்டுல வெத கருகுனா நல்லதுக்கில்லடி” என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்பா சிரித்தார். “ஒன் வெத சொத்த. பழிய எம்புள்ள மேல போடுறியா?”

“என் வேலிய வந்து பாத்துட்டுச் சொல்லு, சொத்தையான்னு!” அத்தையும் விடவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் நல்ல மழை. தகரக் கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரை வேறொரு டின்னில் பிடித்து, மிச்சமிருந்த விதைகளில் பாதியை விளையாட்டாக அதிலும், மீதியை வழக்கம்போல டிரம் தண்ணீரிலும் போட்டேன். மழைத் தண்ணீரில் போட்டவை எல்லாமே முளைத்துவிட்டன. இரண்டு டின்களையும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

“இது எந்தத் தண்ணி?”

“மழைத் தண்ணி.”

“கறுத்துப்போனது?”

நான் குளியலறையைக் காட்டினேன். அம்மா தன் கைகளைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார். டிரம்மைக் கவிழ்த்து, லயத்துக்கு வெளியே கால்வாய் வரை உருட்டிக்கொண்டு போனார்.

தம்பி பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். அந்தத் தண்ணீராலா, அம்மா அடித்த மருந்தாலா, வேறு எதனாலா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

இன்று அந்த லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் நிற்கின்றன. அத்தையின் வேலி இல்லை, அம்மாவும் இல்லை. நீல டிரம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. போன வாரம் புஞ்சாக் ஆலாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இது ஏழாவது மாதம். தண்ணீர் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று மருமகன் பழைய நீல டிரம் ஒன்றை வாங்கிக் குளியலறையில் வைத்திருந்தார். அதன் பக்கவாட்டில் சதுரமாக ஓர் இடம் வெளுத்துத் தெரிந்தது.

“இதுல முன்ன என்ன இருந்துச்சு?”

“தெரியலம்மா. நல்லாக் கழுவியாச்சு லா” என்றாள் மகள்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். மருமகனிடம் முகம் பார்த்துப் பேசியதுகூட இல்லை. விதை ஊறப்போட்டுச் சோதித்துப் பார்க்கவும் அன்று எனக்குப் பொறுமை இல்லை. “மாப்பிள, இத இப்பவே கவுத்துடுங்க” என்றேன். அவர் தயங்கினார். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். கவிழ்த்தார். தண்ணீர் முழுக்க வடியும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

எத்தனை மாதமாக அந்தத் தண்ணீரில் குளிக்கிறாய் என்று மகளிடம் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.