வெர்னாவின் கிணறு நின்ற கோடை

பணத்தாசை பிடித்துத்தான் வெர்னா புருஷனை விட்டுப் போனாள் என்று தேவாலய விருந்தில் உட்கார்ந்து அளக்கிறவர்கள், முதலில் வாயில் இருக்கும் சோள ரொட்டியை விழுங்கட்டும். அவளுக்கு இன்னொருவன் இருந்தான் என்பதும் பச்சைப் பொய். வெர்னா பிக்கெட்டுக்கு இருந்தது ஒரு எண்ணெய்க் கிணறு. இந்தக் கிழக்கு டெக்சாஸில் அது போதாதா ஒரு குடும்பம் கெட?

இங்கே எண்ணெய் பீறிட்டு அடித்த காலத்தில் அவள் தாத்தா ஒரு குத்தகையில் கையெழுத்துப் போட்டார். நிலமும் அவருடையது, நிலத்துக்கு அடியில் கிடப்பதும் அவருடையது. எடுக்கும் உரிமை மட்டும் கம்பெனிக்கு. எத்தனை காலத்துக்கு? எண்ணெய் வரும்வரை. அந்த வார்த்தைதான் பேத்தியின் கழுத்தில் சுருக்காக விழுந்தது. தாத்தா போனார், அப்பா போனார், குத்தகை கை மாறி மாறிக் கடைசியில் டாலஸில் இருக்கும் ஹோல்கம் என்பவனிடம் வந்து சேர்ந்தது. எண்ணெய் ஏறக்குறைய வற்றியே போயிருந்தது. ஆனால் ஹோல்கம் கெட்டிக்காரன். வாரத்தில் ஒரு பொழுது பம்பு தலையாட்டி நாலு வாளி கக்கினாலும் குத்தகை சாகாது. என்றைக்காவது பெரிய கம்பெனி ஒன்று ஆழத் தோண்ட வந்தால் விற்றுவிடலாம் என்று இடத்தைப் பிடித்துவைத்திருந்தான்.

அதற்குள் எண்ணெயோடு ஏறிவரும் உப்புத் தண்ணீர் துருப்பிடித்த குழாய்களில் ஒழுகி மேய்ச்சல் நிலத்தைத் தின்றது. புல் முளைக்காத வெள்ளைத் திட்டு ஆண்டுக்கு ஆண்டு வீட்டைப் பார்த்து நகர்ந்தது. கொல்லையில் இருந்த பிக்கான் கொட்டை மரங்கள் பட்டுப்போயின. வெர்னா போன் போட்டால் அவனிடம் ஒரே பதில்தான்.

"மிஸ் வெர்னா, கிணறு ஓடுதுங்க. ஓடுற வரைக்கும் குத்தகை என்னோடது. உங்க தாத்தா போட்ட கையெழுத்து."

"எங்க தாத்தா உப்பு விதைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடலையே தம்பி!"

குத்தகை திரும்பி வந்தால் கிணற்றை சிமென்ட் ஊற்றி மூடச் சொல்லலாம், மண்ணைக் கழுவச் சொல்லலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு கோடையில் பம்பின் பெல்ட் அறுந்தது. ஹோல்கமின் வேலையாள் ஏற்கெனவே சொல்லாமல் கொள்ளாமல் ஓடியிருந்தான். யாரும் வரவில்லை. வெர்னா டவுனுக்குப் போய் வக்கீலைப் பார்த்தாள்.

"குத்தகையில கெடு இருக்கு. செப்டம்பர் பொறக்குற வரைக்கும் அது ஓடாம கெடந்தா குத்தகை செத்துப்போச்சும்மா. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க, அது போதும்" என்றார் அவர்.

அவள் சும்மா இருந்துவிட்டாள். ராய்ஸால்தான் முடியவில்லை.

ராய்ஸ் அவள் புருஷன். வேலைக்காலம் முழுக்க ஊரிலுள்ள எண்ணெய்ப் பம்புகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். கைக்குழந்தை சிணுங்கினால் தாய் விழிப்பதுபோல, பம்பு நின்றால் அவனுக்குத் தூக்கம் போய்விடும்.

"சத்தமே இல்லையே வெர்னா. தலை கிறுகிறுங்குது."

"எனக்கு இப்பதான் நிம்மதியா இருக்கு."

"உள்ள எண்ணெய் மெழுகாக் கட்டிக்கும். பம்புக் கம்பி இறுகிடும்."

"இறுகட்டும்!"

"பாவம், நல்ல கிணறு அது."

"ராய்ஸ் பிக்கெட், பைபிள் மேல கை வை. அந்தப் பக்கம் போகமாட்டேன்னு சொல்லு."

கை வைத்தான், சொன்னான். மனதாரத்தான் சொன்னான்.

ஆகஸ்ட் கடைசியில் வெர்னா தங்கை நடீனின் பெண் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினாள். காரை விட்டு இறங்கும்போதே கிறீச், கிறீச் என்று சத்தம். ராய்ஸ் கையெல்லாம் கிரீஸோடு, பெரிய மீன் பிடித்துவிட்ட சிறுவன்போலச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கொட்டகையில பழைய பெல்ட் ஒண்ணு கெடந்துச்சு. சும்மா மாட்டிப் பாத்தேன். ஒரே மூச்சுல கெளம்பிடுச்சு வெர்னா! இப்ப நிறுத்திடறேன்."

நிறுத்தி என்ன பயன்? பம்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொட்டியில் எண்ணெய் ஏறினால் கோலை விட்டு அளந்து, அந்த அளவைக் கம்பெனிக்குச் சொன்னால்தான் வேலை முடிந்த மாதிரி. ராய்ஸ் அதையும் செய்துவிட்டிருந்தான், ஹோல்கமுக்கே போன் பண்ணி.

மறுநாளே ஹோல்கம் புது ஆளை அனுப்பினான். "வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்க மிஸ் வெர்னா" என்று போனிலும் சொன்னான். வக்கீல் கையை விரித்தார்: "ஓடிடுச்சேம்மா. குத்தகைக்கு உயிர் வந்துடுச்சு."

பெல்ட்டுக்காகவா ஒருத்தி புருஷனை விடுவாள் என்கிறீர்கள். ராய்ஸ் கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். அவன் கெட்டவன் இல்லையே! அவள் குளிர்காலம் முழுக்கப் பொறுத்தாள். வசந்தத்தில் தக்காளி நடப்போனால், பாத்தியோரம் மண் வெளுத்திருந்தது. உள்ளே வந்து ராய்ஸுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உப்பு வாசல் வரைக்கும் வந்துடுச்சு ராய்ஸ். இனி நாம என்ன பண்றது?"

அவன் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தான். "கேட்டியா? பம்புல பேரிங் போச்சு. புதுப் பயலுக்குக் காதே இல்லை."

வெர்னா எழுந்து உள்ளறைக்குப் போனாள். பெட்டியை எடுத்து நாலு துணியைத் திணித்தாள்.

"எங்க போற? ராத்திரிக்குச் சாப்பாடு?"

"நடீன் வீட்டுக்கு. அந்தப் பம்புக்குத் தீனி போட்டவன் நீ. அதுவே உனக்குப் போடட்டும்."

படியிறங்கும்போது வலைக்கதவு பின்னால் பட்டென்று அடித்தது. ராய்ஸ் எழுந்து வெளியே வந்தான். கார்ப் பக்கம் வருகிறானோ என்று பெட்டியும் கையுமாக நின்றாள். கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் பம்பைப் பார்த்து நடந்தான்.