காந்தம் ஒட்டாத கிளிப்புகள்

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. கட்டிவைத்த கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். பெட்ரோல் பங்கில் பூஜ்யம் பார்க்கச் சொன்னால், குனிந்து இரண்டு முறை பார்ப்பேன். அதனால், பிள்ளைகளை வைத்து மாதிரி ராக்கெட் விடலாம் என்று எங்கள் பள்ளியில் முடிவானபோது, லேபில் இருந்த காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிளிப் வாங்கப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

ராக்கெட்டின் அடியில் பற்றவைக்கும் கம்பி ஒன்று இருக்கும். முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதன் இரண்டு நுனிகளையும் இரண்டு கிளிப்புகள் கவ்விக்கொள்ள வேண்டும். நாம் தள்ளி நின்று பொத்தானை அழுத்தினால் பேட்டரி மின்சாரம் கிளிப் வழியாகத்தான் கம்பிக்குப் போகும். கிளிப் பெரிதாக இருந்தால் அதன் கனமே கம்பியை இழுத்துப் போட்டுவிடும். பல் சரியாகப் பொருந்தாவிட்டால் கவ்வியது போல் இருக்கும், கவ்வியிருக்காது.

கடைக்காரர் ஒரு டப்பா நிறையக் கொட்டினார். எல்லாம் செம்பு நிறத்தில்தான் பளபளத்தன. நான் காந்தத்தை எடுத்தேன். ஸ்பிரிங் இரும்பு, அது ஒட்டத்தான் செய்யும், வாய்ப்பக்கம் ஒட்டக்கூடாது. ஒன்று ஒட்டியது, இன்னொன்றும் ஒட்டியது. வெறும் முலாம்; நாலு முறை தேய்த்தால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து மின்சாரத்தைத் தடுக்கும்.

"டீச்சர், நகைக்கடையில கூட இப்புடி யாரும் பாக்க மாட்டாங்க."

"அங்கயும் இப்படித்தான் பாப்பேன். உள்ள வேற டப்பா இருக்கும், எடுங்க."

உள்ளே இருந்தது. அசல் செம்பு. அதிலும் வெளிச்சத்தில் பிடித்து, பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்து, என் சேலை நுனியைக் கவ்வவைத்து இழுத்துப் பார்த்து நான்கை எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு முறை விட்ட பிறகும் கிளிப்பின் வாயில் கரி அப்பிக்கொள்ளும். அதைத் துடைக்க நான் யாரையும் விட்டதில்லை. உப்புத்தாளை இரண்டாக மடித்து, கிளிப்பின் வாயில் கொடுத்து நாலு இழுப்பு இழுத்து, பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். ஆகஸ்டில் விட்ட இரண்டு ராக்கெட்டுகளும் தைலமரக் காட்டுக்கு மேலே போய் அழகாக இறங்கின.

அக்டோபரில் பெற்றோரை அழைத்துவந்து விட்டபோதுதான் மானம் போனது. பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. கம்பியை மாற்றி மறுபடி அழுத்தினேன். பேட்டரியை மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தது. வயரும் சரி. மூன்றாவது முறையும் ராக்கெட் அசையவில்லை. வெயிலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினார்கள்.

எனக்கு உடனே லேப் உதவியாளர் மீதுதான் சந்தேகம் போனது. பூஜை விடுமுறை முழுக்க, கிளிப்புகள் இருந்த பெட்டியின் சாவி அவரிடம்தான் இருந்தது. அவர் கணவர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு சார்ஜரில் இதே மாதிரி செம்புக் கிளிப்பை நான் பார்த்திருக்கிறேன். அசலை எடுத்துக்கொண்டு முலாம் பூசியதை வைத்துவிட்டார் என்று மனதுக்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அவருடையது தற்காலிக வேலை. அந்த மாதக் கடைசியில் அதைப் புதுப்பிக்க வேண்டும். அது தெரிந்துதான், ஹெச்.எம். என்ன ஆயிற்று என்று கேட்டபோது, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "சாவி யார்கிட்ட இருந்துச்சோ அவங்களக் கேளுங்க மேடம்."

மறுநாள் காலைக்குள் எழுத்தில் விளக்கம் தரும்படி உதவியாளரிடம் சொன்னார்கள்.

மறுநாள் நான் முதலில் போய் லேபைத் திறந்தேன். ஆதாரத்தோடு ஹெச்.எம். முன் நிற்க வேண்டும் என்று ஆசை. கிளிப்பின் வாய்ப்பக்கம் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. அடுத்ததும் ஒட்டவில்லை. நான்கும் ஒட்டவில்லை. நான் வாங்கிய அதே கிளிப்புகள்.

நிமிர்ந்தால் வாசலில் உதவியாளர், கையில் மடித்த காகிதத்தோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"காந்தம் என்ன சொல்லுது டீச்சர்?"

ஒரு கிளிப்பை அழுத்தி வாயைத் திறந்தேன். பல்லிடுக்கு முழுவதும் காய்ந்த சந்தனம்.

நான் வைத்ததுதான். விடுமுறைக்கு முன் லேபில் ஆயுத பூஜை. கிளிப்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்தபின், தராசு, நுண்ணோக்கி, பேட்டரி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். கிளிப்பை எடுத்தால் கட்டைவிரலால் அழுத்தி வாயைத் திறந்து பிடிப்பது என் கைக்குப் பழக்கம். அப்படியே பிடித்து, குழைத்த சந்தனத்தை வைத்திருக்கிறேன். அது உள்ளே வழிந்து பல்லில் காய்ந்திருக்கிறது. மைதானத்தில் கிளிப்பை மாட்டும்போது வெளியே இருந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தேன். ஆனால் பூஜைச் சந்தனத்தை அழுக்கு என்று யார் நினைப்பார்கள்? பஸ்ஸிலும் பீரோவிலும் அது தானாக உதிரும்வரை கிடக்கும். யாரும் துடைப்பதில்லை. நானும் துடைக்கவில்லை. சந்தேகப்படுவதற்கு ஊரில் அத்தனை பேர் இருந்தார்கள், என் கட்டைவிரலை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

"நாந்தாம்மா... தப்பு என்னுது," என்றேன்.

அவர் அந்தக் காகிதத்தை இன்னும் சிறியதாக மடித்தார். "இத ஹெச்.எம். கிட்ட குடுக்கவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

நானே ஹெச்.எம். அறைக்குப் போய்ச் சொன்னேன். அதற்குள் ஆசிரியர் அறை முழுவதும் அவர் திருடிவிட்டதாகப் பேசி முடித்திருந்தது. அங்கேயும் போய்ச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். மாதக் கடைசியில் வேலை புதுப்பிக்கப்பட்டது. எனக்குப் பெரிய நிம்மதி. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

நவம்பரில் மழை விட்ட ஒரு காலையில் மறுபடி ராக்கெட் விட்டோம். முதல் அழுத்தலிலேயே சீறிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகளின் கூச்சலில் எனக்கே கண் கலங்கியது. மைதானமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. உதவியாளர் மட்டும் குனிந்து, கரி பிடித்த கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"மேல இருக்கு பாருங்கம்மா, என்ன உயரம்!" என்றேன்.

அவர் மேலே பார்க்கவில்லை. கிளிப்புகளைத் தட்டில் வைத்து நீட்டினார்.

"எண்ணி வாங்கிக்கங்க டீச்சர். காந்தமும் கொண்டாந்திருக்கேன்."

தட்டின் ஓரத்தில் அது இருந்தது.