நான் அடித்த கை

விஜயதசமிக்கு இரண்டு நாள் இருந்தது. நயினாதீவுக் கோயிலில் நாலு வயது மகளுக்கு ஏடு தொடக்க வேண்டும். தட்டில் அரிசியைப் பரப்பி, 'அ' எழுதப் பழக்கினேன். ஒவ்வொரு முறையும் அவளுடைய இடக்கைதான் முந்தியது.

"எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இந்தப் பழக்கம் இல்லை. எங்கயிருந்து வந்ததோ!" என்றார் மச்சாள், கணவரின் அக்கா.

எனக்குத் தெரியும். அப்பா அடித்து அடித்துத்தான் என்னையும் வலக்கையால் எழுத வைத்தார். புகுந்த வீட்டில் அதை நான் சொன்னதேயில்லை.

அகப்பையை எடுத்து மகளின் விரல்களில் அடித்தேன். கையை இழுத்தாள். பிடித்துவைத்து மறுபடியும் அடித்தேன். காம்பு முறிந்தது. விரல் மூட்டில் தோல் கிழிந்து, அரிசியில் இரத்தம் சொட்டியது.

"நீங்களும் இந்தக் கையாலதானே அம்மா அடிக்கிறியள்!" என்று கத்தினாள்.

முறிந்த காம்பு என் இடக்கையில் இருந்தது. மச்சாளும் பார்த்துவிட்டார்.

"நீரும் இடக்கையோ?"

"ஓம் மச்சாள். என்னட்டயிருந்துதான் வந்தது."

சொல்ல அவ்வளவுதான் இருந்தது. அதை முதலே சொல்லியிருந்தால் பிள்ளையின் விரல் தப்பியிருக்கும். இப்போது தலைவாரக் கையை நீட்டினாலும், எந்தக் கை என்று பார்த்த பிறகுதான் மகள் கிட்ட வருகிறாள்.