ஃபிளெயிலும் ஃபிளேயும்

சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஊரார் போனில் ஏற்றுகிற வீடியோக்களைப் பார்த்து, எது இருக்கலாம், எதைத் தூக்க வேண்டும் என்று பிரிக்க வேண்டும். அதற்கான ஆங்கில விதிப்புத்தகத்தில் இரண்டு வினைச்சொற்கள் எல்லோரையும் படுத்தி எடுத்தன. ஃபிளெயில் என்றால் கைகாலைத் தாறுமாறாக வீசுவது, அது இருக்கலாம். ஃபிளே என்றால் தோலை உரிப்பது. உடனே தூக்க வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்த மேதாவியல்லவா நான், பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குப் பாடமே எடுத்தேன்.

ஒரு மத்தியானம் அந்த வீடியோ வந்தது. தோட்டத்தில் ஒருவர் கைகளை வீசித் துள்ளிக்கொண்டிருந்தார். அவர் முதுகு தெரியவில்லை. பின்னால் நின்றவர் கையில் கருக்குமட்டை, ஓரமெல்லாம் ரம்பப்பல் உள்ள பனைமட்டை.

"கையக் கீழ போடு கண்ணு."

"வேண்டாமுங்க, உட்ருங்க!"

யாரோ சிரிப்பது கேட்டது. காங்கேயத்துப் பக்கம் எங்கள் தோட்டத்திலும் ஆட்களிடம் 'கண்ணு' என்போம், அவர்கள் 'ங்க' போடுவார்கள். கேட்டுப் பழகிய காது. நடித்து எடுத்த வேடிக்கை என்று நினைத்தேன். ஃபிளெயில் என்று குறித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பக்கத்து சீட்டுப் பெண் அதே வீடியோவை என் முன் நீட்டினாள். அடி வாங்கியவர் அவளுடைய சித்தப்பா, தோட்டக் கூலி. மோட்டாரைத் திருடிவிட்டார் என்று தோட்டத்துக்காரர் அடித்திருக்கிறார். அந்த மோட்டாரோ ரிப்பேர் கடையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோவையும் காட்டினாள். தோளிலிருந்து இடுப்பு வரை தோல் இல்லை. பனியன் துணி சதையோடு ஒட்டியிருந்தது.

"யாரோ இதப் பாஸ் பண்ணிப்போட்டாங்கக்கா."

"நான்தான். 'ங்க' போட்டுக் கத்துனதக் கேட்டு நடிப்புன்னு நெனச்சுட்டேன்," என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். "ங்க போட்டுக் கத்துனா வலிக்காதுங்களாக்கா?"

என்னை நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"சித்தப்பன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாருங்க. காலேஜ் போற எம்புள்ள இதப் பாத்துப்போடக் கூடாதுன்னு."

ஓடிப்போய் டீம் லீடரிடம் சொல்லி அங்கேயே அதை நீக்க வைத்தேன். திரும்பி வந்தபோது அவள் போனில் யாரையோ தேற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பா மகளுக்கு முந்தின நாள் சாயங்காலமே அது போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்பியவள் அந்த மகளின் வகுப்புத் தோழி. கீழே ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தாளாம்.